நெட் ஏன் சுத்துது? சாளை முதல் லைன் வீடு வரை கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. ‘லேப்டாப் ஸ்லோவா இருக்குதுங்க’ என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கடை நெட்டில் போட்டுப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடும். கோளாறு வீட்டில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. கடையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கட்டும். (சாளை என்றால் தோட்டத்து வீடு, லைன் வீடு என்றால் ஒரே காம்பவுண்டில் வரிசையாக இருக்கும் வீடுகள்.)

ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டிட்டுப் போனாங்க. அது மோடமுங்களா, ரவுட்டருங்களா?

பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தது. அந்தப் பெட்டி மூன்று வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் வெளிச்சத்தை மின்சிக்னலாக மாற்றுவது முதல் வேலை. அந்தப் பாகத்துக்கு ஓஎன்டி என்று பெயர். டெலிபோன் கம்பியில் நெட் வந்த காலத்துப் பழக்கத்தில் அதையும் மோடம் என்றே சொல்கிறோம். வந்த ஒரே இணைப்பை டிவி, போன், லேப்டாப் என்று பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டர் வேலை. அதைக் கம்பியில்லாமல் பரப்புவது வைஃபை.

நம்மூர் ஆட்களுக்குத் தண்ணீரில் சொன்னால் உடனே பிடிபடும். தடப்பள்ளி வாய்க்காலிலிருந்து உங்கள் காட்டுக்குத் தண்ணீர் விடும் மதகு ஓஎன்டி. எந்த வயலுக்கு எப்போது என்று மடை திருப்புகிறவர் ரவுட்டர். வைஃபை என்பது தெளிப்பு நீர். பக்கத்தில் நன்றாக நனையும், தள்ளிப் போகப் போக ஈரம் குறையும், நடுவில் மரம் நின்றால் அதற்குப் பின்னால் காய்ந்தே கிடக்கும். பயிர் வாடினால் வாய்க்காலில் தண்ணீர் குறைவா, மடை அடைத்திருக்கிறதா, தெளிப்பான் எட்டவில்லையா என்று பார்ப்போம் அல்லவா? நெட்டுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் எல்லோரும் எடுத்த எடுப்பில் பெரிய பேக்குக்கு மாறிவிடுகிறார்கள்.

100 எம்பிபிஎஸ் பேக்குங்க. படம் இறக்கினா 12-ன்னுதான் காட்டுது. ஏமாத்தறாங்களா?

இல்லை. பேக்கில் சொல்வது மெகாபிட், இறக்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு வர வேண்டியது முழுசாக வருகிறது.

சரி, நிஜமாவே ஸ்லோவா இருந்தா முதல்ல எதைப் பார்க்கோணும்?

மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். காசு எதுவும் செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

முதலில் லேப்டாப்பை லேன் ஒயரில் (வைஃபை இல்லாமல் நெட் கொண்டுபோகும் கம்பி) பெட்டியோடு நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். மெல்லிய லேப்டாப்பில் லேன் ஓட்டை இருக்காது. யூஎஸ்பியில் சொருகும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. டெஸ்ட் சர்வர் (எதிர்முனையில் நின்று அளக்கும் கம்ப்யூட்டர்) கோவை அல்லது சென்னை என்று இருக்கிறதா பாருங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்கக் கூடாது. அப்புறம் பெட்டிக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்று போனில், வைஃபையில் ஓட்டுங்கள். மூன்றாவதாக, எந்த அறையில் நெட் சுத்துகிறதோ அங்கே போய் ஓட்டுங்கள். மூன்று எண்களையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஒயரிலேயே குறைவு என்றால் கோளாறு லைனில், பெட்டியில் அல்லது அந்த ஒயரில். ஒயரில் முழுசாக வந்து, பெட்டி பக்கத்திலேயே போனில் குறைந்தால் வைஃபை அமைப்பிலோ போனிலோ கோளாறு. பக்கத்தில் நன்றாக வந்து அறையில் மட்டும் குறைந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். என் கடைக்கு வருபவர்களில் அதிகம் பேர் இந்த மூன்றாவது ரகம். அவர்கள் 300 எம்பிபிஎஸ் பேக்குக்கு மாறினாலும் அந்த அறையில் அதே சுத்தல்தான்.

இன்னொன்று: 200 எம்பிபிஎஸ் பேக்கில் ஒயரில் அளந்தால் சொல்லிவைத்தாற்போல் 90-லிருந்து 95-க்குள் நிற்கிறதா? லைன் பாவம், அதன் மேல் தப்பில்லை. பெட்டியிலோ தனி ரவுட்டரிலோ உள்ள லேன் ஓட்டை 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். அல்லது ஒயருக்குள் இருக்கும் நாலு ஜோடியில் இரண்டு ஜோடிதான் தொடுகிறது. விலை குறைந்த பழைய ரவுட்டர்களின் அட்டையில் 300 என்று பெரிசாகப் போட்டிருக்கும். அது வைஃபைக்கான கணக்கு. பின்னால் இருக்கும் ஓட்டை 100-தான்.

பெட்டியில சிவப்பு லைட்டு மின்னுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் போகலைங்க.

போகாது. எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக மின்னினால் ‘எனக்கு வெளிச்சம் வரவில்லை’ என்று பெட்டி சொல்கிறது. இழை எங்கேயோ ஒடிந்திருக்கிறது அல்லது அளவுக்கு மீறி மடங்கியிருக்கிறது. அணில் கடித்திருக்கலாம், வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி தாழ்ந்து தொங்கிய ஒயரை இழுத்திருக்கலாம், குழாய் பதிக்க வந்த ஜேசிபி தோண்டியிருக்கலாம். லைன்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தை நீங்களே பாருங்கள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஒயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா? அதைக் கை வளையலைவிடச் சின்ன வட்டமாகச் சுருட்டக் கூடாது.

இழை இணைப்பைக் காட்டும் பான் லைட் பச்சையாக, மின்னாமல் எரிந்தால் இழை வரைக்கும் நலம். ஆனால் பச்சை எரிந்தும் வெளிச்சம் மங்கலாக வரலாம். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் (பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வரும், முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும்) ஆப்டிக்கல் பவர் என்று வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 18, மைனஸ் 20 என்றால் நிம்மதி. பொதுவாக மைனஸ் 27 வரைதான் இந்தப் பெட்டிகளுக்குத் தாங்கும் சக்தி. மைனஸ் 26-ல் இருக்கும் லைன் விளிம்பில் நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு 3 எண் குறைவுக்கும் வெளிச்சம் பாதியாகிறது என்பதை நினைவில் வையுங்கள். 20-க்கும் 26-க்கும் நடுவில் நாலில் மூன்று பங்கு போயிருக்கிறது. லைன்காரர் வந்தால் அவரது மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். கேட்கிற வீட்டில் ஜாயிண்ட்டைக் கொஞ்சம் கவனமாகத்தான் போடுவார்கள்.

எங்க ஊடு பழைய தொட்டிக்கட்டு ஊடு. ஆசாரத்துல வருது, சமையல் கட்டுல சுத்தமா வரலைங்க.

இது எங்கள் பெரியம்மா வீட்டுக் கதையும்கூட. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மாட்ட வந்தவர் ஒயர் மிச்சமாகட்டும் என்று வாசல் பக்கத்து மூலையில் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியம்மா அதில் தூசி படக் கூடாதென்று பீரோவுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு துண்டையும் போட்டுவிட்டார். சமையல் கட்டில் பேத்தியின் வீடியோ கால் வந்தால் எழுந்து வாசலுக்கு ஓடுவார். ஆறு மாதம் இப்படியே.

இரும்பு வைஃபையைத் திருப்பி அடித்துவிடும், தண்ணீர் குடித்துவிடும். அதனால் பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பின்னால் பெட்டியை வைக்கக் கூடாது. தொட்டிக்கட்டு வீட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு, நடுவில் வானம் பார்த்த தொட்டி. அதைச் சுற்றியுள்ள திண்ணைத் தூணில், ஆறு ஏழு அடி உயரத்தில், மழைச் சாரல் படாத இடத்தில் மாட்டினால் சுவரைத் துளைக்க வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடும். பெரியம்மா வீட்டில் அதைத்தான் செய்தோம். பேக் மாற்றவில்லை, புதுப் பெட்டி வாங்கவில்லை. நீளமான ஒயருக்கும் ஆள் கூலிக்கும் ஆன செலவு மட்டுமே. துண்டை மட்டும் இன்னமும் போடுகிறார். சூடாகிவிடும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

2.4, 5-ன்னு ரெண்டு பேர்ல வைஃபை காட்டுது. எதுல சேரோணும்?

இவை வைஃபையின் இரண்டு அலைவரிசைகள், கிகாஹெர்ட்ஸ் கணக்கில். 5-ல் வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் பலம் குறைவு. 2.4 தூரம் போகும், ஆனால் மெதுவானது, நெரிசலானது. பெட்டி இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5. மொட்டை மாடிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் 2.4. டிவி பெட்டிக்கு அருகில் இருந்தால் வைஃபையே வேண்டாம், லேன் ஒயர் இழுத்துவிடுங்கள்.

திருப்பூரில் லைன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரே காம்பவுண்டில் பத்து வீடு, பத்து ரவுட்டர். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். பத்துப் பேர் மூன்று பாதையில் போனால் என்ன ஆகும்? ‘வைஃபை அனலைசர்’ வகை ஆப் ஒன்றில் எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பார்த்து மாற்றலாம். ஆனால் 5-க்கு மாறுவதுதான் நிஜமான தீர்வு. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும்கூட 2.4-ல்தான் சத்தம் போடுகின்றன.

எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?

எக்ஸ்டெண்டர் என்பது வந்த வைஃபையை வாங்கித் திருப்பிப் பரப்பும் பெட்டி. அதை எல்லோரும் தப்பான இடத்தில் வைக்கிறார்கள். நெட் வராத அறையில் வைத்தால் வராத நெட்டைத்தான் அது திருப்பிச் சொல்லும். பாதி வழியில், நன்றாகச் சிக்னல் வரும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கிற மலிவு வகைகளில் வேகம் சுமார் பாதியாகும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் அதைவிட மேல், விலையும் அதிகம்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முன்னால், ஒயர் இழுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். தூரத்து அறை வரை கேட் 6 வகை லேன் ஒயர் இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக) மாற்றி வைத்தால் விலையுயர்ந்த மெஷ்ஷுக்குச் சமமாக வேலை செய்யும். ஒயர் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது சந்தையில் நிறைய உலாவுகிறது. நீளமாக இழுத்தால் அது பல்லைக் காட்டும்.

ஊட்டுல நெட் இருக்குது. தோட்டத்துச் சாளைக்குக் கொண்டு போகோணும். இட்டேரி வழியா இருநூறு மீட்டர் இருக்கும்.

லேன் ஒயர் 100 மீட்டருக்குத்தான் கணக்கு. அதற்கு மேல் இழுக்காதீர்கள். இழுத்துவிட்டு மழைக்காலத்தில் என்னிடம் வருகிறார்கள். இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கண்ணாடி இழையே இழுப்பது. இரண்டு முனையிலும், மின்சிக்னலை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை மின்சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி. இருநூறு மீட்டர் அதற்குத் தூசு, கிலோமீட்டர் கணக்கில் போகும். பக்கத்தில் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் இருந்தாலும் விசைத்தறி ஓடினாலும் வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. இழையை ஒட்ட மட்டும் கேபிள்காரரின் தயவு வேண்டும். அவரிடம்தான் ஒட்டும் மெஷின் இருக்கும்.

இன்னொன்று, வீட்டு மாடியில் ஒன்று, சாளைக் கூரையில் ஒன்று என்று எதிரெதிராக வெளிப்புற ஆண்டெனா. இங்கிருந்து அங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. பொள்ளாச்சிப் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நடுவில் தென்னந்தோப்பு அல்லவா நிற்கிறது! மட்டைகளில் உள்ள ஈரம் அலையை உறிஞ்சிக்கொள்ளும், காற்றில் ஆட ஆட வேகமும் ஏறி இறங்கும். மாட்டிய நாளில் நன்றாக வந்தது மழை பெய்ததும் படுத்துவிடும். தோப்பு இருந்தால் இழைதான்.

2023-லிருந்து விற்கப்படும் ஏர்ஃபைபர் வகை இணைப்பும் இதே கதைதான். டவரிலிருந்து 5ஜி அலையை மாடியில் மாட்டிய பெட்டி வாங்குகிறது. லைன் வராத தோட்டத்துக்கு நல்ல மாற்று. ஆனால் வாங்குவதற்கு முன் அந்தக் கம்பெனியின் 5ஜி சிம் போட்ட போனைச் சாளைக் கூரை மேல் கொண்டுபோய், சாயங்காலம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

காத்தால பறக்குது, ராத்திரி எட்டு மணிக்கு மேல நகரவே மாட்டேங்குது. ஏனுங்க?

ஊரே அப்போது பார்க்கிறது. உங்கள் வீட்டு இழை தனியாகக் கோயம்புத்தூர் வரை போவதில்லை. தெருவில் கரண்டே தேவைப்படாத ஸ்பிளிட்டர் ஒன்று, ஒரே இழையின் வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறது. இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் ஜிபான், இபான் என்று இரண்டு முறைகள். ஜிபான் முறையில் அந்த ஓர் இழைக்கு மொத்தம் வினாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், இபான் முறையில் 1 ஜிகாபிட். 64 வீட்டுக்கும் நூறு நூறு விற்றால் 6.4 ஜிகாபிட் ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் கணக்கு ஓடுகிறது, பெரும்பாலும் ஓடிவிடும். நெரிசல் அதிகம் வருவது அதற்கும் மேலே, உள்ளூர் ஆபரேட்டர் மொத்தமாக வாங்கும் இணைப்பில். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை நமக்குப் புதிதில்லையே. ஒரு வாரம் காலையும் இரவும் ஒயரில் அளந்து எழுதிவைத்துக் காட்டினால், உள்ளூர் ஆள் முகம் கொடுத்துப் பேசுவார்.

மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோவானால் அது வேறு. அன்லிமிடெட் என்றாலும் அளவு உண்டு. பெரிய கம்பெனிகளில் மாதம் 3,300 ஜிபி அளவில் இருக்கும், உள்ளூர் பேக்குகளில் குறைவாகவும் இருக்கலாம். தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். படம் பார்த்து 3,300-ஐத் தாண்டுவது கஷ்டம். ஆனால் நாலு கேமரா இரவு பகலாக ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் கிளவுடுக்கு அனுப்பினால் மாதம் 2,600 ஜிபி ஓடிவிடும்.

பையன் மீட்டிங்ல இருக்கறப்ப மட்டும் குரல் ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது. ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாத்தான் காட்டுது.

டெஸ்ட்டில் அப்லோடு எண்ணைப் பார்த்தீர்களா? பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. நோம்பிக்கு எடுத்த போட்டோக்களை யாரோ ஒருவரின் போன் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே போகும் பாதை அடைத்தால் கீழே வருவதும் தடுமாறும். போட்டோ பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றுங்கள். ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற வசதி இருந்தால் பையனின் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

கேம்ல பிங் அதிகமா வருதுங்க. பெரிய பேக் போட்டாக் குறையுமா?

குறையாது. பிங் என்பது போய் வரும் நேரம். கண்ணாடிக்குள் வெளிச்சம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய் வரவே 32 மில்லிசெகண்ட் ஆகிவிடும், நம்மூரிலிருந்து சென்னை போவது தனி. இந்திய சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒயரில் விளையாடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு எவ்வளவு வேகம் போதும்?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு: முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. இரண்டு டிவி, ஒரு மீட்டிங், நாலு போன் என்று கூட்டிப் பாருங்கள், 50-க்குள் அடங்கும். 100 இருந்தால் தாராளம். 300 வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

தோட்டத்துக் கேமராவை வெளியூர்ல இருந்து பார்க்க முடியலைங்க. போர்ட் ஓப்பன் பண்ணியும் வரலை.

ரவுட்டரின் வேன் ஐபி (நெட் கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால், உங்களுக்குத் தனி முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பங்கு போடுகின்றன. அதனால் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் விடும் வழி) திறந்து பயனில்லை. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பாருங்கள், இல்லையேல் ஸ்டேட்டிக் ஐபி என்ற தனி முகவரியைக் காசு கட்டி வாங்குங்கள்.

கரண்ட் போனாலும் நெட் வேணும். என்ன பண்றது?

பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தும் மினி யூபிஎஸ் ஒன்று போதும். வோல்ட் மாறினால் பெட்டி போய்விடும், ஆம்பியர் குறைந்தால் அடிக்கடி தானாக அணைந்து எரியும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் உங்கள் பெட்டி எரிந்தும் நெட் இல்லையென்றால், ஆபரேட்டர் பக்கம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

புகார் சொல்லியும் யாரும் வர்றதில்லை.

புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ‘நெட் வரலை’ என்பதற்குப் பதில் ‘ஒயரில் அளந்தால் இத்தனை, பவர் மைனஸ் இத்தனை, எல்ஓஎஸ் சிவப்பு’ என்று சொல்லுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி அப்படி ஒருவர் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கோடை மழை இடி இடிச்சா எல்லாத்தையும் பிடுங்கோணுமா? ஃபைபர்ல கரண்டு வராதுன்னு சொல்றாங்க.

கண்ணாடியில் வராதுதான். ஆனால் இழையைத் தாங்கிப்பிடிக்கும் இரும்புக் கம்பியில் வரலாம். அதைவிட, கரண்ட் ஒயரில் வரும், மொட்டை மாடிக் கேமராவுக்குப் போகும் லேன் ஒயரில் வரும். சித்திரை வைகாசி இடியில் என் கடைக்கு வரும் செத்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடி இந்த வழியாகத்தான் விழுந்திருக்கும். மேகம் கறுத்ததுமே அடாப்டரைக் கழற்றுங்கள், வெளியே போகும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். இடி ஆரம்பித்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம். பச்சை முனையுள்ள இழையை மட்டும் எப்போதும் பிடுங்காதீர்கள். திரும்பச் சொருகும்போது ஒரு தூசி உட்கார்ந்தால் மைனஸ் 19 மைனஸ் 25 ஆகிவிடும், மறுநாள் மறுபடியும் ‘நெட் சுத்துதுங்க’ என்று கடைக்கு வருவீர்கள்.